கடன் வாங்குமுன் கத்தரி பிடிக்கட்டும்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சயான் கோலிவாடாவில் குடியிருக்கும் நண்பர் ஒருவர் வீடு தேடி வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். சரக்கு அனுப்பும் தனியார் கம்பெனி ஒன்றில் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் குமாஸ்தாவாக இருக்கிறார். கையில் பளபளக்கும் விளம்பரப் புத்தகம் ஒன்று. அதனுள்ளே மடித்து வைத்த விண்ணப்பப் படிவம். மகன் பன்னிரண்டாம் வகுப்புத் தேறிவிட்டான். அவனுக்கு சினிமா எடிட்டிங்கும் வி.எஃப்.எக்ஸ். எனப்படும் தந்திரக் காட்சி வேலையும் படிக்க ஆசை. பயிற்சிக் கட்டணம் மூன்று லட்சத்துக்கு மேல். பி.எஃப். பணத்தில் ஒரு பகுதி, மனைவியின் வளையல்கள், மீதிக்குக் கடன் என்று கணக்குப் போட்டு முடித்துவிட்டார்.

"அண்ணாச்சி, கையெழுத்துப் போடட்டுமா, வேண்டாமா? அதை மட்டும் சொல்லுங்க" என்றார்.

"இப்போது வேண்டாம், ஆறு மாதம் கழித்துப் பார்ப்போம்" என்று சொன்னேன். அவர் முகம் சுண்டிவிட்டது. பையனின் ஆசையில் மண்ணைப் போடுகிறேன் என்று நினைத்தார் போலும். நான் சொன்னதற்குக் காரணம் உண்டு. அந்தக் காரணம் அவர் ஒருவருக்கு மட்டுமல்ல, மும்பையில் இதே விண்ணப்பப் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு தூக்கமின்றித் தவிக்கும் எத்தனையோ தமிழ்க் குடும்பங்களுக்கும் பொருந்தும். ஆகவே அதை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

தொழில் மெய்யானதுதான்

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இந்தத் தொழிலை நான் குறை கூறவில்லை. சினிமா என்றாலே கூத்தாடிப் பிழைப்பு என்று ஒதுக்கிய காலம் மலையேறிவிட்டது. இன்று சினிமாவுக்கு மட்டுமா எடிட்டர் வேண்டும்? தொலைக்காட்சி, விளம்பரம், செய்தி, கல்யாண வீடியோ, கம்பெனிகளின் பயிற்சிப் படங்கள், கைபேசியில் ஓடும் ஒரு நிமிடத் துண்டுப் படங்கள் ஆகிய அத்தனைக்கும் வெட்டி ஒட்டும் கை வேண்டும். அதிலும் மும்பை இந்தத் தொழிலின் தலைவாசல். கோரேகாவ், மலாடு, அந்தேரி பக்கம் போனால் தெருவுக்குத் தெரு எடிட்டிங் அறைகள். தாராவியிலிருந்து ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். நம் பிள்ளைகள் ஏன் அங்கே போய் உட்காரக் கூடாது? தாராளமாக உட்காரலாம்.

அங்கே போவதற்கு முதற்படியாக மூன்று லட்சம் கட்டியாக வேண்டுமா என்பதுதான் நம் கேள்வி.

ஒரு காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து இந்த ஊருக்கு வந்த இளைஞன் பெட்டியில் என்ன கொண்டு வந்தான்? இரண்டு சட்டை, ஒரு போர்வை, டைப்ரைட்டிங் ஹையர் சர்டிபிகேட். மாதச் சம்பளம் கொஞ்சமாகக் கட்டி, மாலை நேரத்தில் ஒரு மணி நேரம் தட்டித் தட்டிப் பழகி, அரசாங்கப் பரீட்சை எழுதி வாங்கிய சர்டிபிகேட் அது. அதற்கு மதிப்பு இருந்தது. காரணம், சொல்லிக் கொடுத்தவர் வேறு, பரீட்சை வைத்தவர் வேறு. மேலும் கம்பெனி மேனேஜர் அந்தக் காகிதத்தை மட்டும் நம்பவில்லை. "உட்கார், இந்தக் கடிதத்தை அடி" என்றார். விரல் ஓடினால் வேலை, ஓடாவிட்டால் வாசல். எடிட்டிங் அறையிலும் இன்று அதே கதைதான். சர்டிபிகேட்டை யாரும் விரித்துப் பார்ப்பதில்லை. "நீ வெட்டியதைக் காட்டு" என்பார்கள். நாம் செய்த வேலைகளில் சிறந்தவற்றைச் சேர்த்த இரண்டு மூன்று நிமிடத் துண்டுக்கு ஷோரீல் என்று பெயர். அதுவே இந்தத் தொழிலின் டைப்ரைட்டிங் பரீட்சை.

மூடியிருந்த அறை

இந்த வித்தை முன்பு எப்படிக் கற்கப்பட்டது என்பதை நினைத்துப் பார்த்தால், இன்று வந்திருக்கும் மாறுதல் விளங்கும். 35 மில்லிமீட்டர் ஃபிலிம் ஒரு நொடிக்கு 24 படச் சட்டங்களாக ஓடும். ஒரு நிமிடத்துக்கு 90 அடி. இரண்டரை மணி நேரப் படம் என்றால் பதின்மூவாயிரத்து ஐந்நூறு அடி. எடுத்ததோ அதைப்போல் பல மடங்கு. அவ்வளவையும் மூவியோலா என்ற இயந்திரத்தில் ஓட்டிப் பார்த்து, கையால் வெட்டி, கையால் ஒட்ட வேண்டும். அந்த இயந்திரம் ஸ்டுடியோவுக்குள் இருந்தது. ஸ்டுடியோவின் கதவருகே காவலாளி இருந்தார். உள்ளே நுழைந்தவன் பல வருடம் ஃபிலிம் டப்பா தூக்கி, வெட்டிய துண்டுகளுக்கு எண் எழுதி, பெரியவர் எங்கே வெட்டுகிறார் என்பதைத் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துப் பார்த்துக் கற்றான்.

அப்படிக் கற்றவர்கள் சாமானியர்கள் அல்லர். "ப" வரிசைப் படங்களால் தமிழ்நாட்டையே கண்ணீர் விட வைத்த ஏ. பீம்சிங், கிருஷ்ணன்-பஞ்சு இரட்டையரிடம் உதவி எடிட்டராக இருந்து வந்தவர். அவர் மகன் பி. லெனின் புகழ் பெற்ற எடிட்டரானார். எடிட்டர் ஏ. ஸ்ரீகர் பிரசாத்தின் தந்தை சஞ்சீவியும் எடிட்டரே. திறமை அவர்களுடையது, அதில் ஐயமில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த அறைக்குள் நுழைய ஒருவர் கைகொடுக்க வேண்டியிருந்தது. சரக்கு கம்பெனி குமாஸ்தாவின் மகனுக்கு யார் கை கொடுத்திருப்பார்?

இன்று அந்த அறையின் கதவு திறந்து கிடக்கிறது. இதைத்தான் நம்மில் பலர் இன்னும் அறியவில்லை.

திறந்திருக்கும் கதவுகள்

பெயர் சொல்லி எழுதுகிறேன். கத்தரித்து வைத்துக்கொண்டு பையனிடமோ பெண்ணிடமோ கொடுங்கள்.

ஒன்று, டாவின்சி ரிசால்வ். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பிளாக்மேஜிக் டிசைன் கம்பெனியின் மென்பொருள். பெரிய படங்களுக்கு வண்ணம் சீர்செய்யப் பயன்படும் அதே சாமான். வெட்டுவது, வண்ணம் சேர்ப்பது, ஒலி சீர்செய்வது, தந்திரக் காட்சி கட்டுவது ஆகிய நான்கும் ஒரே இடத்தில் இருக்கின்றன. இதன் சாதாரணப் பதிப்புக்குக் காசு இல்லை. படத்தின் மேல் கம்பெனி முத்திரை விழுவதும் இல்லை. கூடுதல் வசதிகள் கொண்ட பதிப்புக்குத்தான் விலை. கற்பவனுக்கு அது தேவையில்லை. கம்பெனியே பாடப் புத்தகங்களையும், அந்தப் பாடங்களுக்கு வேண்டிய படத் துண்டுகளையும் இலவசமாகத் தருகிறது. படித்து முடித்தால் இணையத்திலேயே பரீட்சை எழுதிச் சான்றிதழும் பெறலாம்.

இரண்டு, பிளெண்டர். முப்பரிமாண உருவங்கள் செய்யவும், அவற்றை அசைக்கவும், எடுத்த படத்தோடு இணைக்கவும் உதவும் மென்பொருள். 2002-ல் உலகெங்கிலும் உள்ள ஆர்வலர்கள் ஏழே வாரங்களில் ஒரு லட்சம் யூரோ திரட்டி இதைப் பொதுச் சொத்தாக்கினார்கள். அன்று முதல் யாருக்கும் இலவசம். 2025 மார்ச்சில் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கார் பரிசு பெற்ற லாட்வியா நாட்டுப் படம் "ஃப்ளோ" இதில்தான் உருவானது.

மூன்று, பெரிய ஸ்டுடியோக்கள் பயன்படுத்தும் நியூக், ஹூடினி ஆகியவற்றின் மாணவர் பதிப்புகள். இவை விலையுயர்ந்த சாமான்கள். ஆனால் சம்பாதிப்பதற்கல்ல, பழகுவதற்கு மட்டும் என்ற நிபந்தனையோடு இலவசப் பதிப்புகள் கிடைக்கின்றன. படத்தின் அளவிலும் முத்திரையிலும் சில கட்டுப்பாடுகள் உண்டு. பழகுவதற்கு அது தடையன்று.

நான்கு, வெட்டிப் பழகப் படத் துண்டுகள். கேமரா இல்லாதவன் எதை வெட்டுவான் என்று கேட்கலாம். பிளெண்டர் அமைப்பு 2012-ல் "டியர்ஸ் ஆஃப் ஸ்டீல்" என்றொரு குறும்படம் தயாரித்தது. நடிகர்களை வைத்து எடுத்து, தந்திரக் காட்சிகள் சேர்த்த படம். அதற்காக எடுத்த மூலக் காட்சிகளையே யாரும் இறக்கிப் பயிலலாம் என்று வெளியிட்டுவிட்டார்கள். பச்சைத் திரைக்கு முன் நடிகர் நிற்கும் காட்சியைப் பார்க்க அந்நாளில் உதவியாளன் எத்தனை வருடம் காத்திருந்தான்? இன்று அது வீட்டுக்கே வருகிறது.

ஐந்து, நம் மொழி. இதே மும்பையில், பவாயில் உள்ள ஐ.ஐ.டி. நடத்தும் "ஸ்போக்கன் டுடோரியல்" திட்டத்தைப் பற்றி எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம்? இலவச மென்பொருள்களைச் சுமார் பத்துப் பத்து நிமிடப் பாடங்களாகப் பிரித்து, ஆங்கிலத்தில் தயாரித்து, தமிழ் உட்படப் பல இந்திய மொழிகளில் குரல் கொடுத்து வைத்திருக்கிறார்கள். ஒரு பக்கம் பாடம், மறு பக்கம் மென்பொருள் என்று வைத்துக்கொண்டு, பார்த்து, நிறுத்தி, செய்து பார்ப்பதே அவர்கள் சொல்லும் முறை. படங்களைத் திருத்தும் ஜிம்ப் அதில் உண்டு, பிளெண்டரும் உண்டு. பிளெண்டர் பாடங்கள் பழைய பதிப்பை ஒட்டியவை. இன்றைய திரையில் பொத்தான்கள் இடம் மாறியிருக்கும். ஆயினும் அடிப்படை மாறவில்லை. இது தவிர யூட்யூபில் தமிழ் இளைஞர்கள் பலர் எடிட்டிங் பாடங்களைத் தமிழிலேயே நடத்துகிறார்கள்.

இப்படிப் படித்தவர்கள் எங்கேயாவது தேறியிருக்கிறார்களா என்று நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. "எவ்ரிதிங் எவ்ரிவேர் ஆல் அட் ஒன்ஸ்" என்ற அமெரிக்கப் படம் 2022-ல் வந்தது. 2023 மார்ச்சில் ஏழு ஆஸ்கார் பரிசுகள் பெற்றது. அதில் எடிட்டிங் பரிசும் ஒன்று. அதன் தந்திரக் காட்சிகளில் பெரும்பகுதியைச் செய்தது ஐந்தாறு பேர் கொண்ட ஒரு சிறு குழு. அவர்களில் பெரும்பாலோர் இணையப் பாடங்களைப் பார்த்துத் தாமாகவே கற்றவர்கள். ஆயிரம் பேர் கொண்ட ஸ்டுடியோ செய்யும் வேலையை அவர்கள் தம் கணினிகளில் செய்து காட்டினார்கள்.

இலவசத்தின் குறைகள்

இவ்வளவு சொன்னபின், மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் விளம்பரக்காரன் ஆகிவிடுவேன்.

இலவசப் பாடத்தின் முதற்குறை, அது முடிவதே இல்லை. ஒன்றைப் பார்த்தால் அடுத்தது தானாக வந்து நிற்கும். பையன் இரவு இரண்டு மணி வரை பாடம் பார்ப்பான். தாய் தந்தையர் படிக்கிறான் என்று பூரிப்பார்கள். ஆனால் கை அசைந்திருக்காது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். நீச்சலைப் பற்றி நூறு பாடம் பார்த்தவன் கிணற்றில் இறங்கினால் என்ன ஆகும்?

இரண்டாவது குறை, தவற்றைச் சுட்டிக்காட்ட யாரும் இல்லை. எந்தப் பொத்தானை அழுத்தினால் வெட்டு விழும் என்பதை இணையம் சொல்லும். நீ ஏன் அங்கே வெட்டினாய், ஒரு நொடி முன்னால் வெட்டியிருந்தால் அந்தத் தாயின் முகம் மனத்தில் நின்றிருக்காதா என்று கேட்க ஒரு மனிதர் வேண்டும். எடிட்டிங்கில் பொத்தான் வேலை கொஞ்சம். நிதானமும் ரசனையும் அதிகம்.

மூன்றாவது, ஆங்கிலம். நல்ல பாடங்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் உள்ளன. மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்த பிள்ளை முதல் வாரத்திலேயே மிரண்டுபோவான். ஆனால் இந்தத் தொழிலில் புழங்கும் சொற்கள் ஒரு இருநூறு இருக்கும். அவற்றை ஒரு நோட்டில் எழுதி, எதிரே தமிழில் பொருள் எழுதி வைத்தால் மூன்று மாதத்தில் பயம் தெளியும். சுருக்கெழுத்துக் குறிகளை மனப்பாடம் செய்த வம்சத்துக்கு இது பெரிய காரியமா?

நான்காவது, இயந்திரம். எந்தப் பழைய கணினியும் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். டாவின்சி ரிசால்வ் ஒழுங்காக ஓட 16 ஜி.பி. நினைவகமும், தனி கிராஃபிக்ஸ் கார்டும் வேண்டும். பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் குடியிருக்கும் இடத்தில் அதை எங்கே வைப்பது, யார் எப்போது உட்காருவது என்பதும் பிரச்சினையே. ஆனாலும் கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த மூன்று லட்சத்தில் ஒரு சிறு பகுதிக்கே நல்ல கணினி வந்துவிடும். கட்டணமாகக் கட்டிய பணம் திரும்பாது. கணினி வீட்டில் இருக்கும். ஆரம்பத்தில் அதுகூட வேண்டாம். முதல் இரண்டு மாதம் கைபேசியிலேயே எடுத்து, கைபேசியிலேயே வெட்டிப் பழகலாம். வெட்டு எங்கே விழ வேண்டும் என்று கற்பதற்கு அது போதும்.

பயிற்சிக்கூடங்கள் எல்லாம் மோசம் என்று சொல்லமாட்டேன். இந்த நான்கு குறைகளையும் தீர்ப்பதாகச் சொல்லித்தான் அவை கட்டணம் வாங்குகின்றன. சில மெய்யாகவே தீர்க்கின்றன. உங்களுக்கு வாய்த்திருக்கும் கூடம் எந்த ரகம் என்று எப்படி அறிவது? பணம் கட்டுமுன் நான்கு கேள்விகள் கேளுங்கள். பாடம் நடத்துபவர் எந்தெந்தப் படங்களில் வேலை செய்தார்? சென்ற ஆண்டு முடித்த மாணவர்களின் ஷோரீல்களைக் காட்டுவார்களா? ஒரு மாணவனுக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் தனிக் கணினி? நடுவில் நின்றால் எவ்வளவு பணம் திரும்பும், அதை எழுதிக் கொடுப்பார்களா? "நூற்றுக்கு நூறு வேலை" என்று வாயால் சொல்பவர் இந்த நான்கில் ஒன்றுக்கு மழுப்பினாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

அரசாங்கக் கல்லூரிகளையும் மறந்துவிடக் கூடாது. சென்னை தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். திரைப்பட மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களுக்கு எடிட்டிங்கிலும், அனிமேஷன் மற்றும் தந்திரக் காட்சியிலும் நான்காண்டுப் பட்டப் படிப்புகள் உண்டு. நமக்குப் பக்கத்திலேயே புனேயில் 1960-ல் தொடங்கிய திரைப்படக் கல்லூரி இருக்கிறது. அங்கே எடிட்டிங் படிக்கப் பட்டம் வேண்டும், நுழைவுத் தேர்வும் உண்டு. இடங்கள் குறைவு, போட்டி அதிகம். ஆனால் ஆறு மாதம் வீட்டிலேயே வெட்டிப் பழகிய பிள்ளை அந்தப் போட்டியில் மற்றவர்களுக்கு ஒரு படி மேலே நிற்பான் அல்லவா?

மறைக்கக் கூடாத உண்மை

விளம்பரப் புத்தகத்தில் எழுதாத ஒன்றையும் பெற்றோர் அறிய வேண்டும். இது ஏற்ற இறக்கம் உள்ள தொழில். பாண்டிச்சேரிச் சிறுவனும் புலியும் நடுக்கடலில் தத்தளிக்கும் "லைஃப் ஆஃப் பை" படம் 2013 பிப்ரவரியில் தந்திரக் காட்சிக்கான ஆஸ்கார் பரிசு பெற்றது. அந்தப் புலியை உருவாக்கிய ரிதம் அண்ட் ஹியூஸ் கம்பெனிக்கு மும்பையிலும் கிளை இருந்தது. பரிசு வாங்குவதற்குச் சில நாட்கள் முன்னால்தான் அந்தக் கம்பெனி திவால் மனுப் போட்டது! 2023-ல் ஹாலிவுட் எழுத்தாளர்களும் நடிகர்களும் மாதக் கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள். அங்கே படப்பிடிப்பு நின்றால் அந்த வேலையை நம்பி நடக்கும் இந்திய ஸ்டுடியோக்களில் சில மாதங்களில் கை காயும். 2025 பிப்ரவரியில் டெக்னிகலர் குழுமம் சரிந்தபோது, பெங்களூரிலும் மும்பையிலும் இருந்த அதன் கூடங்கள் மூடப்பட்டு, ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். கடன் வாங்கிப் படித்தவர்களும் அவர்களில் இருந்திருப்பார்கள். கம்பெனி மூடினாலும் கடன் தவணை நிற்குமா?

இன்னொன்று. இந்தியாவுக்கு அதிகமாக வந்த வேலை ரோட்டோ எனப்படும் அடிமட்ட வேலை. ஒவ்வொரு படச் சட்டத்திலும் நடிகரின் உருவத்தைச் சுற்றிக் கோடு வரைந்து பிரித்தெடுப்பது, கயிற்றை அழிப்பது போன்றவை. புதிதாக வருபவன் இதில்தான் நுழைந்தான். இப்போது செயற்கை நுண்ணறிவு அந்தக் கோட்டைத் தானே வரையத் தொடங்கிவிட்டது. இன்னும் மனிதக் கை திருத்த வேண்டியிருக்கிறது. ஆனால் முன்போல் அத்தனை கைகள் வேண்டாம். டைப்ரைட்டருக்கு நேர்ந்த கதி நமக்குத் தெரியாதா? கணினி வந்தபோது தட்ட மட்டும் தெரிந்தவன் திகைத்தான். கடிதம் எழுதத் தெரிந்தவன் பிழைத்தான். அதே பாடம் இங்கும். பொத்தானை மட்டும் கற்றவனுக்கு ஆபத்து. எது நல்ல காட்சி, எங்கே வெட்டுவது என்று அறிந்தவனுக்கு எந்த இயந்திரம் வந்தாலும் இடம் உண்டு. மூன்று லட்சம் கட்டிப் பொத்தான் வேலை மட்டும் கற்பது எவ்வளவு பெரிய சூதாட்டம் என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஆறு மாதம்

ஆகவேதான் நண்பரிடம் ஆறு மாதம் என்றேன். ஆழம் தெரியாமல் காலை விடக் கூடாது. ஆழம் பார்க்க இதுவே வழி. நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம். அரை மணி பாடம், ஒன்றரை மணி கை வேலை. மாதம் ஒரு படம் முடித்தாக வேண்டும். முதல் மாதம் ஒரு நிமிடம்: அம்மா இட்லி அவிப்பதையோ, அப்பா காலையில் ரயில் பிடிப்பதையோ எடுத்து வெட்டட்டும். இரண்டாம் மாதம் இருவர் பேசிக்கொள்ளும் காட்சி. மூன்றாம் மாதம் ஒலி. நான்காம் மாதம் வண்ணம். ஐந்தாம் மாதம் பச்சைத் திரை. ஆறாம் மாதம் எல்லாம் சேர்ந்த மூன்று நிமிடப் படம். ஒவ்வொன்றையும் சினிமா அறியாத நாலு பேருக்குப் போட்டுக் காட்ட வேண்டும். எந்த இடத்தில் அவர்கள் கண் கைபேசிக்குப் போகிறதோ அந்த இடத்தில் வெட்டு தவறு. இதைவிடக் கண்டிப்பான வாத்தியார் இல்லை.

இரண்டாம் மாதத்திலேயே அலுத்துவிட்டால் நல்லது. மூன்று லட்சம் மிஞ்சியது, பிள்ளை வேறு படிப்புக்குப் போகட்டும். ஆறு மாதமும் விடாமல் செய்தால் அதுவும் நல்லது. கையில் ஷோரீல் இருக்கும். அதைக் கொண்டு உதவியாளனாகச் சேர முயலலாம். அரசாங்கக் கல்லூரிக்கு எழுதலாம். பயிற்சிக்கூடமே வேண்டும் என்றாலும் என்ன கற்க வேண்டும் என்பது தெரிந்து போவான். விவரம் தெரிந்தவனை யாரும் எளிதில் ஏமாற்ற முடியாது.

சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள்

இதில் நம் தமிழ்ச் சங்கங்களுக்கும், ஊர்ச் சங்கங்களுக்கும் ஒரு பங்கு உண்டு. பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் நடக்கட்டும்; வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் வார நாட்களில் அந்த மண்டபங்கள் பூட்டிக் கிடக்கின்றன. ஓர் ஆண்டு விழாவின் மேடை அலங்காரச் செலவைக் குறைத்தால் இரண்டு நல்ல கணினிகள் வாங்கலாம். மாலை ஆறு முதல் ஒன்பது வரை மண்டபத்தின் ஒரு மூலையில் பிள்ளைகள் முறை வைத்து உட்காரட்டும். வீட்டில் இடமில்லாத குறை தீரும். மாதம் ஒரு ஞாயிறு, அந்தேரி பக்கம் எடிட்டிங் அறைகளில் வேலை செய்யும் நம்மவர் ஒருவரை அழைத்து வந்து, பிள்ளைகள் வெட்டியதைப் போட்டுக் காட்டட்டும். அவர் கண்டிக்கட்டும், பாராட்டட்டும். இலவசப் பாடத்தில் இல்லாத அந்த ஒரு மனிதர் அங்கே கிடைப்பார். இதற்குப் பெரிய நன்கொடை வேண்டாம். சாவியைக் கொடுக்கும் மனம் போதும்.

இதே மும்பையில், தாதரில், ஒரு மனிதர் சினிமாவைத் தாமாகவே கற்றார். தாதாசாகேப் பால்கே. "அவரும் இன்சூரன்ஸ் பாலிசியை ஈடு வைத்துக் கடன் வாங்கித்தானே லண்டன் போனார்?" என்று நண்பர் மடக்கினார். வாங்கினார். ஆனால் அதற்கு முன்பே மாதக் கணக்கில் படங்களைப் பார்த்துப் பார்த்து, சிறு கருவிகளை வைத்துச் சோதித்து, இந்த வித்தை தமக்கு வரும் என்று அறிந்துகொண்டார். லண்டனில் இருந்தது சில வாரங்களே; வாங்கி வந்தது கேமரா, சர்டிபிகேட் அல்ல. திரும்பியதும் ஒரு பட்டாணிச் செடி முளைத்து வளர்வதை நாள்தோறும் சிறிது சிறிதாகப் படம் பிடித்து ஒரு குறும்படமாக்கிக் காட்டினார். அதைப் பார்த்தபின் பணம் போட ஆள் வந்தது. அப்படித்தான் 1913-ல் "ராஜா ஹரிச்சந்திரா" பிறந்தது. அந்த ஃபிலிமில் துளையிடவும், கழுவவும், ஒட்டவும் வீட்டிலேயே கற்றுக்கொண்டவர் அவர் மனைவி சரஸ்வதிபாய். அந்த அம்மையாருக்கு யார் பள்ளிக்கூடம் வைத்தார்கள்?

நண்பர் விண்ணப்பத்தை இன்னும் கிழிக்கவில்லை. மடித்து அலமாரியில் வைத்திருக்கிறார். பையன் தன் முதல் படத்தைச் சென்ற ஞாயிறு கொண்டு வந்து காட்டினான். தந்தை காலையில் சாப்பாட்டுப் பையோடு சயான் ஸ்டேஷனுக்கு ஓடும் ஒரு நிமிடம். நடுவில் தேவையில்லாத பாட்டு. இரண்டு வெட்டுகள் துள்ளின. சொன்னேன். "சரி பெரியப்பா, மாத்திட்டு வாரேன்" என்று போனான். நண்பர் மட்டும் கைபேசியை வாங்கி அதை மறுபடி மறுபடி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு வருடம் அந்த ரயிலைப் பிடித்தவர், தாம் எப்படி ஓடுகிறோம் என்பதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார்.

இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. விண்ணப்பம் அதுவரை அலமாரியிலேயே இருக்கட்டும்.